நரகத்தினும் ஓய்வு உண்டோ?

(யூதர், கிறிஸ்தவர், கெல்தியர் கண்ட மறுமைக் காட்சிகள்)

உயிர் உடம்பைவிட்டுப் பிரிந்தபின் எய்தும் நிலை யாது என்னும் வினா எல்லாச் சமயத்தாரையும் ஒப்ப வருத்துவதாம். அதற்கு விடைகூறப் புகுந்த நூல்களுள் அளவை நெறியான் ஆராய்ந்து துணிந்தன ஒருசாரன. ஒருவன் நேரே சென்று கண்டு மீண்டு கூறியதாக வைத்து உரைப்பன மற்றொருசாரன. பின்னையவற்றைக் காட்சிநூல்கள் என ஈண்டு வழங்குவாம். மேற்காசியாவில் யூதரிடையே தோன்றிக் கிறிஸ்தவரிடையே வளர்ந்து, ஐரோப்பாவின் மேற்கெல்லையிலுள்ள ஐர்லாந்துத் தீவிற் கெல்திய மக்களிடையே புதுவடிவு பெற்ற அக்காட்சிநூல்கள் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகால வரலாறுடையன.

அவற்றைப்பற்றி நம்மவருட் பலர் கொண்ட கருத்து ஒன்றே. நரகத்தீயைக் காட்டி மக்களை அச்சுறுத்துவதே அவற்றின் தொழில் என்பது அக்கருத்து. யானும் மடத்துப் பாடசாலையிற் பயின்ற நாளிலும் அதன்பின்னர்ப் பல்லாண்டும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். அவைகளிற் பேசியும் இருக்கின்றேன். முதுமையில் அந்நூல்களின் வரலாற்றை முதலிலிருந்து முடிவுகாறும் ஒருசேர வைத்து நோக்கியபின், அக்கருத்துப் பாதியளவே உண்மையெனத் தெளிந்தேன். அச்சத்தோடு பின்னி அவற்றுள் ஒரு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கின்றது. வீழ்ந்தார்க்கு இரக்கம் இல்லையோ என்பதே அவ்விண்ணப்பம். அது முதற்கண் மறுக்கப்பட்டு, பின்னர்ச் சிறிது சிறிதாக ஏற்கப்பட்ட முறைமையைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஏனோக்கு கொண்டுசென்ற விண்ணப்பம்

யூதர் மறையாகிய ஆதியாகமத்தில் ஏனோக்கு என்னும் முன்னோன் ஒருவன் கூறப்படுகின்றான். அவன் 365 ஆண்டு வாழ்ந்தான் என்றும், கடவுளோடு ஒழுகியிருந்து, கடவுள் எடுத்துக்கொண்டமையாற் பின்னர்க் காணப்படாதொழிந்தான் என்றும் கூறி அந்நூல் மேற்செல்கின்றது. இறந்தான் என்று கூறவில்லை. நம் சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளானைமீதிவர்ந்து திருக்கயிலை சேர்ந்த வரலாற்றை ஓதியுணர்ந்தார்க்கு இது வியப்பன்று. ஆயின் ஏனோக்கு சென்று கண்டது யாதென ஆதியாகமம் ஒன்றும் உரையாமையின், அதனை உரைக்கப் பிற்காலத்தார் முற்பட்டனர்.

அங்ஙனம் எழுந்ததே ஏனோக்கின் நூல். அதன் பழைய பகுதிகள் கி.மு. 3ஆம் நூற்றாண்டினவென்பர். யூதரும் பெரும்பாலான கிறிஸ்தவரும் அதனைத் தம் மறையினின்றும் விலக்கிவிட, எத்தியோப்பிய நாட்டுத் திருச்சபை ஒன்றே அதனை மறையெனக் கொண்டு முழுமையாகக் காத்துவந்தது. ஜேம்ஸ் புரூஸ் என்னும் ஸ்காத்லாந்துப் பயணி அதன் சுவடிகளை 1773இல் ஐரோப்பாவிற்குக் கொணர்ந்தார். ரிச்சர்டு லாரன்ஸ் என்பார் 1821இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1947 முதல் சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளினின்றும் வெளிப்பட்ட சுவடிகளுள் இந்நூலின் அரமேயமொழித் துணுக்குகளும் கிடைத்தமையின், இதன் தொன்மை ஐயமற நிலைபெற்றது.

நூற்பொருள் வருமாறு. வானவர் இருநூற்றுவர் மண்ணுலக மகளிர்மேல் வேட்கையுற்று எர்மோன் மலைமீது இறங்கி நெறிதவறினர். தண்டனை அறிவிக்கப்பட்டபோது, கடவுளை ஏறெடுத்து நோக்கவும் நாணிய அவர், தமக்காக ஓர் விண்ணப்பம் எழுதித் தருமாறு ஏனோக்கை வேண்டினர். அவன் அதனை எழுதி, தாண் என்னும் இடத்து நீர்க்கரையில் அமர்ந்து படித்துக்கொண்டே துயின்றான். துயிலிற் காட்சி தோன்றிற்று. காற்று அவனை மேலே கொண்டுசென்றது. பளிங்கினாற் சமைந்து தீநாக்குகள் சூழ்ந்த ஒரு மாளிகை ஆண்டிருந்தது. அது தீயெனச் சுட்டுப் பனியெனக் குளிர்ந்தது. அதற்கப்பால் முழுதும் தீயாலாகிய மற்றொரு மாளிகையும், அதனுள் உயர்ந்ததோர் அரியணையும், அதன்மேல் ஞாயிற்றினும் ஒளிமிக்க மாட்சியும் கண்டான்.

இத்துணை அரிதிற் சென்று அவன் பெற்ற விடை யாது? மனிதர்க்காக வானவர் வேண்டுதலன்றோ முறை, வானவர்க்காக மனிதன் வேண்டுதல் முறையோ என்று வினவப்பட்டது. அவர்கட்கு அமைதி இல்லையென்று சொல்லி அவன் அனுப்பப்பட்டான். ஆகவே இவ்வகை நூல்களுட் பழையதொன்று, ஏற்கப்படாத ஒரு விண்ணப்பத்தின் கதையாய் அமைந்தது. இது நினைவில் வைத்தற்குரியது.

மறுமைநாள் எழுந்த காரணம்

பழைய யூதர் இறந்தோர் அனைவரும் நல்லோர் தீயோர் என்னும் வேறுபாடின்றி இருண்ட கீழுலகு ஒன்றிற் சென்று கிடப்பர் என எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் வரலாற்றுத் துன்பத்தால் மாறிற்று. கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தை இழிவுபடுத்தி, யூதர் தம் மறைநெறியில் ஒழுகுதலையும் தடுத்தான். நெறி பிழையாதார் கொலையுண்டனர்; பிழைத்தார் வாழ்ந்தனர். அந்நாளில் எழுந்தது தானியேல் நூலின் காட்சிப்பகுதி. கடலினின்றும் நான்கு கொடுவிலங்குகள் எழுவதும், தீயரியணைமேல் வெண்ணிற ஆடையோடு நெடுநாட்பட்டோன் ஒருவன் வீற்றிருந்து முறைசெய்வதும் அதன்கட் கூறப்பட்டன. மண்ணில் துயில்வோர் பலர் எழுந்து, சிலர் அழியா வாழ்வும் சிலர் அழியா இழிவும் எய்துவர் என்னும் கொள்கையும் எபிரேய மறையில் ஈண்டே தெளிவாக வெளிப்பட்டது.

இதன் காரணத்தைச் சித்தாந்த மாணவர் எளிதின் உணர்வர். பிறவி பலவென்று கொள்வார்க்கு வினைப்பயன் ஒரு பிறப்பில் முற்றாதாயினும் வரும் பிறப்புக்களில் வந்து பொருந்தும். பிறவி ஒன்றே என்று கொண்டார்க்கோ, நல்லோன் கொலையுண்டு தீயோன் தழைத்த வழக்கு முழுவதும் ஒரே நாளிற் தீர்தல் வேண்டும். அந்நாட்குப்பின் வேறு நாள் இன்மையின், அன்றைத் தீர்ப்பு மாறாததாய் முடிந்தது. நீதியை நாட்டுதற்கு எழுந்த கொள்கை இரக்கத்திற்கு இடமில்லாதது போலாயிற்று.

அக்குறையை முதலில் உணர்ந்து வெளிப்பட வினவிய நூல் நான்காம் எஸ்றா என வழங்குவது. கி.பி. 70இல் உரோமப் படைத்தலைவன் தீத்து எருசலேமை அழித்து ஆலயத்தைக் கொளுத்தினான். அதன்பின் அந்நூற்றாண்டின் இறுதியளவில், பழைய எஸ்றாவின் பெயரால் யூதர் ஒருவர் இந்நூலை இயற்றினார். தேவதூதனாகிய ஊரியேலை எஸ்றா விடாது வினவுகின்றான். தீயை நிறுத்துக் காட்டு, காற்றை அளந்து காட்டு, கழிந்த நாளைத் திருப்பிக் கொணர்க என்று தூதன் அவன் வாயை அடைக்கின்றான். எஸ்றா அடங்கவில்லை. தீர்ப்புநாளில் மகனுக்காகத் தந்தையும், தந்தைக்காக மகனும், நண்பனுக்காக நண்பனும் வேண்டுதல் கூடுமோ என்று வினவுகின்றான். கூடாது, அன்று ஒருவனுக்காக மற்றொருவன் வேண்டான் என்பதே விடை. முன்னாளில் ஆபிரகாமும் மோசேயும் பிறர்க்காக வேண்டினரே என்று அவன் மீண்டும் வழக்குரைத்தும் விடை மாறவில்லை.

இம்மறுப்பினைப்பற்றிய சுவடி வரலாறு ஒன்றுண்டு. 9ஆம் நூற்றாண்டின் லத்தீன் சுவடியொன்றில் இம்மறுப்பு அடங்கிய ஏடு அறுத்தெடுக்கப்பட்டது. அதன் வழிவந்த படிகளிலெல்லாம் அப்பகுதி காணப்படவில்லை. பிரான்சு நாட்டு அமியேன் நகரத்துப் பழஞ்சுவடியொன்றில் அதனைக் கண்டு, ராபர்ட்டு பென்சிலி என்னும் அறிஞர் 1875இல் வெளியிட்டார். இறந்தோர்க்காக வேண்டுதல் செய்யும் வழக்கத்திற்கு மாறாயிருந்தமை பற்றியே அவ்வேடு அறுக்கப்பட்டதென அறிஞர் பலர் கருதுவர். இறந்தோர்க்கு இரங்கிய நெஞ்சு, மறுத்த ஏட்டையே பொறாதாயிற்றுப் போலும்!

கதவு சிறிது திறந்தமை

கிறிஸ்தவர் மறையின் இறுதியிலுள்ள வெளிப்படுத்தின விசேஷம், ஏறக்குறைய கி.பி. 95இல், உரோமப் பேரரசன் தொமித்தியன் காலத்தில், பத்மு தீவிலிருந்த யோவான் கண்ட காட்சியென்பர். பேரரசின் ஒறுத்தலுக்கு அஞ்சியிருந்த சின்ன ஆசியாவின் ஏழு திருச்சபைகட்கு அது தேறுதல் கூறிற்று. பாபிலோன் என்னும் பெயரால் உரோமின் வீழ்ச்சியையும், ஆலயம் வேண்டாது கடவுளே ஆலயமாய் விளங்கும் புதிய எருசலேமையும் அது காட்டுகின்றது. தீக்கடலில் வீழ்ந்தார்க்கு மீட்சியை அது பேசவில்லை.

அக்காட்சியோடு ஒருகாலத்து ஒப்பவைத்து எண்ணப்பட்டது, 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியதாகிய பேதுருவின் காட்சி. எகிப்து நாட்டு அக்மீம் என்னுமிடத்தில், துறவி ஒருவர் கல்லறையில் 1886-87ஆம் ஆண்டுக் குளிர்காலத்தே அதன் கிரேக்கப்படி ஒன்று கிடைத்தது. நாவாற் கடவுளை இகழ்ந்தோர் நாவாற் கட்டித் தூக்கப்படுவர் என்பன போல, வினைக்கேற்ற வேதனையை வகுத்துக் கூறுவது அது. நம்மவர் இகழ்தற்கு எடுத்துக்காட்டும் கொடுமைகள் எல்லாம் இதன்வழி வந்தனவே. ஆயினும், வியன்னா நகரிலுள்ள பழைய கிரேக்க ஏடொன்றில் இந்நூலின் வேறொரு பகுதி உளது. நல்லோர் எவரெவரை வேதனையினின்றும் விடுவிக்குமாறு வேண்டுகின்றனரோ, அவரவரை அவர்கட்கு அளிப்பேன் எனக் கிறிஸ்து வாக்களித்ததாக அது கூறுகின்றது. எஸ்றாவிற்கு மறுக்கப்பட்டது ஈண்டு அளிக்கப்பட்டது. எத்தியோப்பிய மொழிபெயர்ப்பில் இப்பகுதி தெளிவின்றி மாறிக் கிடத்தல் நோக்கத்தக்கது.

இனிப் பவுலின் காட்சி. மூன்றாம் வானம்வரை எடுத்துச்செல்லப்பட்ட ஒருவனைப்பற்றிப் பவுல் தம் திருமுகமொன்றிற் குறிப்பால் உரைத்துள்ளார். கேட்டவை சொல்லொணாதன என்று அவரே வாய்மூடினார். அச்சொல்லொணாதவற்றைச் சொல்ல 4ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் எழுந்தது இந்நூல். தார்சு நகரிற் பவுல் வாழ்ந்த இல்லத்தின் அடியிற் பளிங்குப் பேழையொன்றில் இது கண்டெடுக்கப்பட்டதென்பது அதன் முகவுரை; அங்குக் குறித்த ஆட்சியாண்டு கி.பி. 388 ஆகும். பேராசிரியர் அகுஸ்தீன் இதனைப் பொய்யென்று இகழ்ந்தார். எனினும் மக்கள் இதனை விடவில்லை.

இதன் நடுவண் அமைந்த நிகழ்ச்சி இது: நரகங்களைக் கண்ட பவுல் அழுகின்றார். மனிதனாகிய நீ இறைவனினும் இரக்கமுடையையோ என்று உடன்வந்த தூதன் இடித்துரைக்கின்றான். பவுல் அழுகையை நிறுத்தவில்லை. தூதர்தலைவன் மிகாவேலும் அவரோடு சேர்ந்து இரங்க, வேதனைப்படுவோர் அனைவரும் ஒருங்கு கூவ, கிறிஸ்து வெளிப்படுகின்றார். தாம் உயிர்த்தெழுந்த நாளாகிய ஞாயிற்றுக்கிழமையின் பகலும் இரவும் நரகவேதனை நிற்க என்று அருளுகின்றார். விடுதலையன்று, வாரத்திற்கொரு நாள் ஓய்வே. அதற்கே அவ்வுயிர்கள் வாழ்த்தெடுத்தன.

இவ்வோய்வு யூதரிடத்தும் உண்டு. தீயோர் ஓய்வுநாளில் வேதனையின்றி இருப்பர் என்னும் கருத்து அவர்களுடைய தல்மூது நூலிற் காணப்படுகின்றது. அன்றியும், தீயோர் நரகிற் படும் தீர்ப்பு 12 திங்களளவே என்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமர் கையால் மாய்ந்த ஆசிரியர் அக்கிபா உரைத்தனர். தந்தையை இழந்த மைந்தர் கத்தீசு என்னும் துதியை 11 திங்கள் மாத்திரம் ஓதும் வழக்கமும் அதுபற்றியது. பன்னிரண்டும் ஓதின் தந்தையைத் தீயோர் கூட்டத்து வைத்ததாகும் என்று அஞ்சினர்.

கிறிஸ்தவருள் ஓரிகேன் என்னும் பேரறிஞர், தண்டனையெல்லாம் மருந்தேயென்றும், உயிர்களெல்லாம் இறுதியில் இறைவனை அடையுமென்றும் 3ஆம் நூற்றாண்டிற் கருதினார். அக்கருத்தைப் பேரரசன் யுஸ்தினியன் கி.பி. 543இற் கண்டித்து விலக்கினான். அகுஸ்தீனோ நரகம் என்றுமுளதென்று உறுதியாக வற்புறுத்தியவர். அவருங்கூட, வேதனை இடையிடையே தணியுமென்று எண்ண விரும்புவார் எண்ணிக்கொள்க என்று ஓரிடத்து விட்டுக்கொடுத்தனர். கொள்கையாளர் அடைத்த கதவின் இடுக்கிற் காட்சியாளர் கைவைத்தனர் என்க.

கெல்தியர் நாட்டில்

ஐர்லாந்து மக்கள் 5ஆம் நூற்றாண்டிற் கிறிஸ்தவ நெறி தழுவினர். அவர்தம் பழங்கதைகளில் மறுவுலகு நரகமன்று. மேற்குக் கடற்கு அப்பாலுள்ள மூப்பும் துயரும் அற்ற தீவு. பிரான் என்னும் தலைவன் கடற்செலவைக் கூறும் கதை, பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டினது என்பர். வெள்ளிக்கிளை ஏந்திய ஒரு நங்கை அழைக்க, அவன் மும்முறை ஒன்பதின்மரோடு கலமேறினான். அவனுக்குக் கடலாய்த் தோன்றியது, எதிரே தேரூர்ந்து வந்த மனன்னானுக்குப் பூத்த வெளியாய்த் தோன்றிற்று. ஓராண்டெனக் கருதி வாழ்ந்து மீண்டபோது பல தலைமுறைகள் கழிந்திருந்தன. கரையிற் குதித்த தோழன் சாம்பராயினான். பிரான் தன் கதையைக் கூறி மீண்டும் கடலுட் சென்றான். தீர்ப்பும் தண்டனையும் அக்கதையில் இல்லை.

இக்கடற்செலவினையும் பவுலின் ஞாயிற்றுக்கிழமையினையும் ஒன்றுசேர்த்தது பிரெந்தன் என்னும் துறவியின் கடற்செலவு. பிரெந்தன் 6ஆம் நூற்றாண்டினர், நூல் பிற்காலத்தது. ஏழாண்டு கடலில் அலைந்த அவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலைநடுவே ஒரு பாறைமேல் ஒருவன் வீற்றிருக்கக் கண்டார். அவன் முன் இரும்புக் கவைகளில் ஒரு துணி தொங்கி, காற்றில் அவன் கண்ணிலும் நெற்றியிலும் அடித்துக்கொண்டிருந்தது. நீ யாரென வினவ, தன் ஆசிரியனை விற்ற யூதாஸ் யானே என்றனன். ஞாயிறுதோறும் சில திருவிழா நாட்களிலும் தனக்கு ஈண்டு ஓய்வு அருளப்பட்டதென்றும், நரகத்தை நோக்க இப்பாறை தனக்குத் துறக்கமே என்றும் கூறினான்.

ஓய்விடத்தே அவனுக்கு வாய்த்த பொருள்கள் அவன் வாழ்நாளிற் செய்தன. துணி, தொழுநோயாளி ஒருவனுக்கு அவன் கொடுத்தது. தன்னுடையதல்லாத பொருளைக் கொடுத்தமையின் அது அவனைக் காவாது அடிக்கின்றது. இரும்புக் கவைகள், ஆலயக் குருமார்க்குக் கலந்தூக்கக் கொடுத்தன. அவன் அமர்ந்த கல், பெருவழியிற் செல்வோர் இடறாவண்ணம் ஒரு பள்ளத்தில் அவன் இட்டது. இறைவன் திருமுன் பெருங்குற்றம் செய்தவன் என்று அச்சமயத்தார் யாவரினும் கீழ்வைத்தெண்ணும் ஒருவனுடைய சிறு நல்வினையும் வீண்போகவில்லை. மாலையில் அவனைக் கொண்டுபோகப் பேய்கள் வந்தன. பிரெந்தன் அவ்விரவளவும் தடுத்து நிறுத்தி, மறுநாளும் அதுபற்றி மிகுதி வேதனை செய்யாவண்ணம் ஆணையிட்டார்.

இவ்வாறு நுட்பமாக வினையையும் பயனையும் பொருத்திக் காட்டுதல் ஐர்லாந்தினர் காட்சிகளின் இயல்பு. துறவி பூர்சா என்பாரின் வரலாற்றைப் பீட் என்னும் ஆங்கில நாட்டு வரலாற்றாசிரியர் கி.பி. 731இல் முடித்த தம் நூலில் உரைக்கின்றார். தீவினையாளன் ஒருவன் இறக்குங்கால் அவனுடைய ஆடையைப் பூர்சா ஏற்றிருந்தார். காட்சியில் எரியும் அவனுயிரைப் பேய்கள் அவர்மேல் எறிய, தோளிலும் தாடையிலும் பட்ட தீவடு விழித்தபின்னும் வாழ்நாள் முழுதும் உடம்பில் நின்றதாம்.

1149இல் நிகழ்ந்ததாகக் கூறப்படும் துனுக்தால் என்னும் வீரனது காட்சியை, மார்க்கு என்னும் ஐர்லாந்துத் துறவி செருமானிய நாட்டு ரேகன்ஸ்புர்க்கு நகரில் எழுதினார். மூன்றுநாள் பிணம்போற் கிடந்த அவ்வீரன், முள்ளாணி பதித்த கையகலப் பாலமொன்றில், முன்பு தான் களவாடிய பசுவைப் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டியதாயிற்று. எதிரே கதிர்க்கட்டுச் சுமந்த வேறோர் உயிர் வந்தது; இருவரும் விலக இடமின்றி அழுதனர். பசுவை உரியவனுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தமையின் அவனுக்கு அவ்வளவோடு அமைந்தது. அப்பால், 1138இற் கொலையுண்ட கோர்மக்கு மன்னனையும் கண்டான். அவன் நாள்தோறும் மூன்று நாழிகை அல்ல, மூன்று மணிநேரம் இடையளவும் தீயில் நின்று, எஞ்சிய 21 மணிநேரமும் இன்பத்தில் இருந்தான். பவுலின் நூலில் ஏழுநாளுள் ஆறுநாள் வேதனை. ஈண்டு வேதனை அரைக்கால் நாளாயிற்று.

இத்தகைய காட்சிகள் பரவிய நூற்றாண்டுகளிலேயே, தூய்மை செய்து விடுக்கும் இடைநிலை உலகொன்று உண்டென்னும் கொள்கை மேலைத் திருச்சபையில் உருப்பெற்று, 1274இல் லியோன் நகரத்துச் சங்கத்தில் நிறுவப்பட்டது. அவ்வுலகின் வாயிலெனப் பெயர்பெற்ற குகையொன்று ஐர்லாந்தின் தெர்க்கு ஏரித் தீவில் இருந்தது. திருத்தந்தையின் ஆணையால் 1497இல் அது மூடப்பட்டும், அடியார் இன்றும் ஆண்டுச் சென்று மூன்றுநாள் உணவு குறைத்து வெறுங்காலோடு நோன்பு நோற்கின்றனர்.

சித்தாந்திகள் கொள்ளத்தக்கது

மேற்காட்டிய வரலாற்றால் விளங்குவது யாது? தண்டனைக்கு முடிவில்லை என்னும் கொள்கையை அச்சமயத்தார் நூல்கள் உரைத்தன; அவர்தம் அடியார் நெஞ்சம் அதனை முற்றும் பொறாது, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அழுது, ஒருநாளையும் ஓரிரவையும் பின்னர்ப் பலமணி நேரத்தையும் கேட்டுக் கேட்டுப் பெற்றது. அன்பு நிகழுமிடத்து அருள் உண்டென்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் நூல்களிலும் இவ்வழுகை உண்டு. சுவர்க்கம் புகுந்த தருமபுத்திரன், நரகத்திலிருந்த தம்பியரைவிட்டு நீங்கேன் என்று நின்றனன். தன்மேற் பட்ட காற்றால் நரகர் நோய் தணியக் கண்ட விபச்சித்து மன்னன், தன் நல்வினை முழுவதையும் அவர்க்கீந்து விடுவித்த கதை மார்க்கண்டேய புராணத்தது. இவை ஒன்றினின்றொன்று தோன்றின என்று யான் சொல்லத் துணியேன். நல்ல நெஞ்சங்கள் எந்நாட்டினும் ஒருபடித்தாய் உருகும் என்று மாத்திரம் சொல்வேன்.

வேறுபாடு நெஞ்சிலன்று, கொள்கையில் உளது. சைவசித்தாந்தத்தில் நரகம் வினை நுகர்ந்து கழியுமிடமேயன்றி உயிர் என்றும் அடைபட்டிருக்கும் சிறையன்று. ஒறுத்தலும் மறக்கருணை எனப்பட்டது. மலம் பரிபாகமுறும்வரை இறைவன் மறைந்துநின்று செய்யும் அருளே அது. நாம் பிறர்போல் ஒருநாள் ஓய்விற்காக மன்றாட வேண்டாவாறு நம் ஆசிரியர் அதனைத் தெளிந்து வைத்தனர். ஆயின் மன்றாட வேண்டாமையால் இரங்கவும் வேண்டா என்று இருத்தல் நம்பாற் குற்றமாம். துன்புறுவானைக் கண்டு, அவன் வினை அவன் நுகர்கின்றான் என்று சொல்லி அப்பாற் செல்லும் சைவன், கொள்கையால் உயர்ந்தும் நெஞ்சால் அப்பாறைமேல் இருந்த யூதாஸுக்கு ஓரிரவு காவல் நின்ற பிரெந்தனுக்குத் தாழ்ந்தவனே.

ஆதலின் பிறர்தம் காட்சிநூல்களை ஓதுங்கால் தீயை மாத்திரம் எண்ணி இகழாது, அத்தீயின்முன் நின்று அழுதாரையும் நோக்குவோமாக. வழியிற் பள்ளம் கண்டால் ஒரு கல் இட்டுச் செல்வோமாக. அது எந்த நாளில் எவ்வுயிர்க்கு ஆசனமாகுமென்று யாரறிவார்?

திருச்சிற்றம்பலம்.